ஏழு படி பங்களாவில் யார் குடியிருக்கிறார்கள்?

அனுமந்தன்பட்டி,
தாது வருஷம் ஆவணி மாதம் 14-ந் தேதி.

கடலுக்கு அப்பால் மலாயா தேசத்து ரப்பர் தோட்டத்தில், நினைத்த மாத்திரத்தில் போய்ப் பார்த்துவிட முடியாத தூரத்தில் வாசம் செய்யும் மாப்பிள்ளை கர்ணன் அவர்களுக்கு, மைத்துனன் வீரபாண்டி அன்புடன் எழுதிக்கொண்டது. இங்கே நானும், என் தங்கை கருத்தம்மாளும், நீங்கள் இதுவரை கண்ணால் பார்த்திராத உங்கள் மகள் மூக்கம்மாளும், உழவு மாடுகள் இரண்டும் நலமாக இருக்கிறோம். நீங்களும் நலம் என்று எழுதியிருந்தீர்கள். அந்த ஒரு வார்த்தையை மட்டும் வேறு மசியில் எழுதியிருப்பதைக் கவனித்தேன். அதைப் பற்றிப் பிறகு கேட்கிறேன். நிற்க.

சித்திரை மாதக் கடைசியில் உங்கள் கடிதம் வந்தது. வீடு கிடைத்துவிட்டது என்று எழுதியிருந்தீர்கள். கருத்தம்மாளையும் குழந்தையையும் ஆவணி மாதக் கப்பலில் அனுப்பிவைக்க வேண்டும் என்று எழுதியிருந்தீர்கள். இத்துடன் ஒரு படம் அனுப்பியிருக்கிறேன் என்றும் எழுதியிருந்தீர்கள். நான் படத்தை எடுத்துப் பார்த்தேன். பார்த்தவன் அப்படியே மாட்டுத் தொட்டி மேல் உட்கார்ந்துவிட்டேன். நாலு வருஷத்துக்கு முன்னால் வயிற்றுப் பிள்ளைக்காரியை என் வீட்டில் விட்டுவிட்டு, ஒரு துண்டும் இரண்டு வேட்டியுமாகத் தேனியில் ரயில் ஏறிப் போன மனிதர், கோட்டுப் போட்டுக்கொண்டு, தலையைப் படிய வாரிக்கொண்டு, ஒரு உயரமான முக்காலி மேல் கையை ஊன்றி நிற்கிறார். பின்னால் பங்களா. ஏறிப்போக ஏழு படி. பக்கத்துக்கு இரண்டு தூண். பங்களாவுக்கு இடது பக்கம் ஏரி. ஏரியில் கழுத்து நீண்ட வாத்து இரண்டு. வலது பக்கம் ஒரு மோட்டார். அந்த மோட்டாரில் முன்பாதிதான் தெரிகிறது. பின்பாதி யாருடையது என்று எனக்கு அன்றைக்கே ஒரு சந்தேகம்.

உங்களுக்குத்தான் என் குணம் தெரியுமே. சந்தையில் கத்தரிக்காய் வாங்கினால் காம்பைக் கிள்ளிப் பார்க்காமல் வாங்கமாட்டேன். கோவிலில் திருநீறு கொடுத்தால்கூட முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் பூசுகிறேன் என்று ஊரில் கேலி பேசுகிறார்கள். ஆனபடியால் உடனே எதையும் சொல்லாமல் படத்தை அடுக்குப் பானைக்குப் பின்னால் வைத்தேன். கருத்தம்மாள் அதை எடுத்து முற்றத்துச் சுவரில் சாத்தி வைத்துவிட்டாள். அதற்குப் பிறகு வீடு வீடாக இல்லை. தேர் பார்க்க வருகிற மாதிரி வந்தார்கள். மூக்கம்மாள் தினமும் தான் சாப்பிடும்போது உங்களுக்கும் ஊட்டுகிறாள். உங்கள் வலது காலில் ஒரு பருக்கை ஒட்டிக் காய்ந்துபோய் இருக்கிறது. சுரண்டினால் காலும் சேர்ந்து வந்துவிடும் போல இருப்பதால் விட்டுவிட்டேன்.

இது இப்படி இருக்க, ஆனி பிறந்து, பெரியாற்றுத் தண்ணீர் வந்து, நடவு தொடங்கியது. நம் வயலில் முதல் பாட்டு எடுப்பது எப்போதும் பிச்சையம்மாள் மதினிதான். சாமி பாட்டு, மழைப் பாட்டு என்று பாடிக்கொண்டிருந்தவர் அன்றைக்கு நாற்றுமுடியைப் பிரித்தபடியே புதுசாக ஒன்றை எடுத்தார்.

கப்பலேறிப் போன மச்சான்
கல்லு வீடு கட்டி வச்சான்
ஏழு படி ஏறி நின்னா
எட்டு ஊரு தெரியுதாம்

பன்னிரண்டு பெண்களும் குலவை போட்டார்கள். கருத்தம்மாள் குனிந்த தலை நிமிராமல் சிரித்தாள். எனக்குப் பகீர் என்றது. எட்டு ஊர் தெரியும் என்று நீங்கள் எழுதவே இல்லை. மறுநாள் அதே பாட்டில் வீட்டுக்கு மாடி வந்துவிட்டது. மூன்றாம் நாள் மாடிக்கு மேல் மாடி, மாடியில் ஊஞ்சல், ஊஞ்சலுக்கு வெள்ளிச் சங்கிலி. நான்காம் நாள் ரப்பர் மரத்தில் பால் வடிந்து பானை பானையாக நிரம்பி, அதில் கருத்தம்மாள் தயிர் கடைந்து கொண்டிருந்தாள். அந்தப் பாலைக் குடிக்க முடியாது, குடித்தால் குடல் ஒட்டிக்கொள்ளும் என்று நான் உத்தமபாளையத்தில் விசாரித்து வைத்திருக்கிறேன். பொறுக்க முடியாமல் வரப்பில் இருந்தபடியே கேட்டேன், “மதினி, முந்தாநேத்து ஒரு மாடிதான இருந்துச்சு. ராத்திரியோட ராத்திரியா எந்தக் கொத்தனார் வந்து கட்டுனான்?” என்று. அவர் நிமிராமலே, “நாத்து நட நட வீடும் வளரும் கொழுந்தனாரே. நீங்க தண்ணியத் தெறந்து விடுங்க. நாளைக்குள்ள மேல இன்னொரு மெத்தையும் போட்டுருவோம்” என்றார். அன்றைக்கு மட்டும் இரண்டு வயல் அதிகமாக நட்டு முடித்தார்கள். இதிலும் எனக்குச் சந்தேகம்தான்.

ஆடி மாதம் முதல் வாரத்தில் கோம்பையிலிருந்து சின்னக்கருப்பு மாமா வைக்கோல் கேட்டு வந்தார். அவர் மகன் அம்மாவாசியும் உங்கள் பக்கம்தான் ஏதோ தோட்டத்தில் இருக்கிறான் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். மோர் குடித்துவிட்டுத் திரும்பினவர் சுவரைப் பார்த்தார். செம்பைக் கீழே வைத்தார். “ஏப்பா வீரபாண்டி, எம்மவன் வீட்டு முன்னால ஒங்க மாப்பிள்ள எதுக்கு நிக்காரு?” என்றார். நான் இது எங்கள் மாப்பிள்ளையின் வீடு என்றேன். அவர் அது தன் மகனின் வீடு என்றார். பேச்சு தடித்து, அவர் கூட வந்த நாய் என்னைப் பார்த்து உறும, நான் அவருக்கு வைக்கோல் கிடையாது என்று சொல்ல, அவர் கோம்பைக்கு நடந்தே போய், மறுநாள் காலையில் தன் வீட்டுப் படத்தை வேட்டியில் சுற்றிக்கொண்டு வந்து நீட்டினார். மாப்பிள்ளை, அதே ஏழு படி. அதே நாலு தூண். அதே பாதி மோட்டார். உங்களுக்குப் பதிலாக அம்மாவாசி நிற்கிறான். நல்லாப் பாத்துக்கோ என்று மாமா அந்தப் படத்தை என்னிடமே விட்டுவிட்டுப் போய்விட்டார்.

அப்போது எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். இரண்டில் ஒன்று. அம்மாவாசி வீட்டில் நீங்கள் வேலைக்கு இருக்க வேண்டும், அல்லது உங்கள் வீட்டில் அவன் வேலைக்கு இருக்க வேண்டும். இரண்டாவதாக இருக்கட்டும் என்று மனசு அடித்துக்கொண்டது. கோட்டை வைத்துப் பார்த்தேன். இரண்டு படத்திலும் ஒரே கோட்டு. மேலிருந்து மூன்றாவது பொத்தான் இரண்டிலும் இல்லை. உங்களுக்கு அது தோளில் தொங்குகிறது, அம்மாவாசிக்கு வயிற்றில் முட்டுகிறது. ஆக அந்தக் கோட்டு உங்களுடையதும் இல்லை, அவனுடையதும் இல்லை, மூன்றாவது ஆள் ஒருவன் இருக்கிறான் என்று கண்டுபிடித்தேன். நான் சொன்னது சரியாகப் போயிற்று. தபால்காரர் வந்தபோது இரண்டு படத்தையும் காட்டிக் கேட்டேன். அவர் சாவகாசமாக மூக்குப்பொடி போட்டுக்கொண்டு, “இந்த வீடா? இத இதோட நாலு ஊருக்குக் குடுத்துட்டேன்” என்றார்.

அதன் பிறகு நான் வயலைச் சரியாகப் பார்க்கவில்லை. சத்திரமாக இருக்குமோ என்று நினைத்தேன். சத்திரம் என்றால் வாசலில் நாலு பேர் படுத்திருப்பார்கள், இங்கே ஒருவரும் இல்லை. ஆஸ்பத்திரியாக இருக்குமோ என்று நினைத்தேன். உங்களுக்கு என்ன வியாதி என்று இரண்டு நாள் கவலைப்பட்டேன். கடைசியில் ஜெயில் என்று முடிவுக்கு வந்தேன். எல்லாருக்கும் ஒரே உடுப்பு, வாசற்கதவு சாத்தியிருக்கிறது, நிற்கிறவர்கள் முகத்தில் சிரிப்பு இல்லை, கையை வைத்த இடத்தை விட்டு எடுக்கவில்லை. வேறென்ன நினைப்பது? உத்தமபாளையத்துக் கடிகாரக் கடையில் பூதக்கண்ணாடி இரவல் வாங்கி வந்து பார்த்தேன். நீங்கள் படம் எடுத்தது பங்குனியில். அம்மாவாசி எடுத்தது போன தீபாவளிக்கு. இந்த ஐந்து மாதத்தில் வாத்து இரண்டும் ஒரு சாண்கூட நகரவில்லை. அதைவிட மோசம், உங்கள் காதுக்குப் பின்னால் வானத்தில் ஒரு மடிப்பு இருக்கிறது. அது மேகத்தில் தொடங்கி, கூரை ஓரத்தைக் கடந்து, ஏரி வரைக்கும் நேராக இறங்குகிறது. மழை அதிகமான தேசம், வானம் அங்கே அப்படித்தான் இருக்கும் போல என்று நினைத்துக்கொண்டேன். இதை எழுதக் கை கூசுகிறது. ஆனாலும் நடந்ததை மறைக்கக் கூடாது.

போன சனிக்கிழமை தேனிச் சந்தைக்குப் போனேன். கடைத்தெருவில் ஏசுதாசன் என்று ஒருவர் போட்டோப் பிடிக்கும் கடை வைத்திருக்கிறார். இரண்டு படத்தையும் அவர் முன்னால் வைத்து, “இது ஜெயிலா, ஆஸ்பத்திரியா, உள்ளதச் சொல்லுங்க” என்றேன். அவர் படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், “உள்ள வாங்க அண்ணாச்சி” என்று கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனார். அங்கே, மாப்பிள்ளை, அந்தச் சின்ன அறைக்குள்ளே ஓர் அரண்மனை நிற்கிறது! படிக்கட்டு, பூந்தொட்டி, மான், தூரத்தில் மலை எல்லாம் இருந்தது. செருப்பைக் கழற்றிவிட்டுக் கிட்டப் போய்த் தொட்டேன். துணி. விரலால் குத்தினேன், அரண்மனை பின்னால் போய் முன்னால் வந்தது. “இதுல சமையக்கட்டு எந்தப் பக்கம்?” என்று கேட்டேன். எதற்குக் கேட்டேன் என்று எனக்கே தெரியவில்லை. ஏசுதாசன் வாயைப் பொத்திக்கொண்டு, “என் மச்சினன் வரைஞ்சது. அவன் பங்களாவும் பாத்ததில்ல, மானும் பாத்ததில்ல. பிஸ்கட் டப்பா மூடியப் பாத்து எழுதுனான். தேயிலத் தோட்டத்துக்குப் போறவுக, வாரவுக எல்லாம் இதுக்கு முன்னால நின்னுதான் ஊருக்குப் படம் அனுப்புதாக. கோட்டும் நான்தான் குடுக்கேன்” என்றார். உங்கள் ஊர்க் கடைக்காரனும் இப்படி ஒரு துணியும் ஒரு கோட்டும் வைத்திருக்கிறான், தோட்டத்து ஆட்களை எல்லாம் ஒவ்வொருவராக அதன் முன்னால் நிறுத்துகிறான் என்பது அப்போதுதான் என் புத்தியில் ஏறியது. வானத்தில் இருந்தது துணியின் மடிப்பு.

சந்தையில் வாங்க வேண்டியதை வாங்காமலே வீட்டுக்கு வந்தேன். வந்த ஆத்திரத்தில் வாசலிலேயே, “ஏத்தா கருத்தம்மா, ஒம்புருசன் நம்மள ஏமாத்திட்டாருத்தா. அது வீடு இல்ல, துணி!” என்று கத்தினேன். அவள் புளி கரைத்துக்கொண்டிருந்தாள். பிச்சையம்மாள் மதினியும் இருந்தார். இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். கருத்தம்மாள் சொன்னாள், “தெரியும்ணே. பாத்த அன்னைக்கே தெரியும். திருவிழாவுல கூத்துக்குக் கட்டுற தெரை மாதிரியேதான இருக்கு” என்று. பின் ஏன் என்னிடம் சொல்லவில்லை என்றேன். “நீங்க பூதக்கண்ணாடியெல்லாம் வச்சுக்கிட்டு ஆசை ஆசையாத் தேடிக்கிட்டு இருந்தீக. எதுக்குக் கெடுக்கணும்னு விட்டுட்டேன். அவுக வீடு கெடச்சிருச்சுன்னு எழுதிருக்காக. படம் இருக்குன்னு எழுதிருக்காக. படத்துல இருக்கதுதேன் வீடுன்னு எங்கன எழுதிருக்காக?” என்றாள். கடிதத்தை எடுத்து மறுபடி படித்தேன். அப்படி எங்கும் எழுதவில்லைதான். படிக்கத் தெரியாத அவளுக்கு உங்கள் கடிதம் முழுக்க மனப்பாடம்.

அந்தக் கோபத்தை மதினியின் மேல் திருப்பினேன். தெரிந்தே மாடி மேல் மாடி கட்டினீர்களா என்று கேட்டேன். அவர் கண்டியில் தேயிலைத் தோட்டத்தில் ஆறு வருஷம் இருந்துவிட்டு வந்தவர். அங்கே குளிரில் ஒரு பிள்ளையைப் பறிகொடுத்ததும் உங்களுக்குத் தெரியும். அவர் சொன்னார், “எனக்குத் தெரியாத லயமா கொழுந்தனாரே? கூலியாளுகளுக்கு வரிசையாக் கட்டிவிட்ட பத்தடி அறை. அடுத்த வீட்டுக்காரன் தும்முனா நம்ம வெளக்கு அணையும். அதப் பாடச் சொல்லுதீகளா? அதப் பாடுனா எவ இடுப்ப வளைச்சு நாத்து நடுவா? அங்கன இருக்கையில நாங்க தேயிலைக் கொழுந்து கிள்ளிக்கிட்டே இந்த ஊரப் பாடுவோம். முல்லையாத்துல பாலு ஓடுது, அனுமந்தன்பட்டியில தங்கம் வெளையுதுன்னு. கேட்டவளுக எல்லாம் இங்கன வரணும்னு அழுவாளுக” என்று. ஊரில் எல்லாரையும் சந்தேகப்படுகிறவன் நான் ஒருவன். அந்த வீட்டை நிஜம் என்று நம்பியவனும் நான் ஒருவன்தான்.

சரி, வீட்டைப் பார்க்கவில்லை என்றால் மூன்று மாதமாக அந்தப் படத்தில் எதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாய் என்று கருத்தம்மாளிடம் கேட்டேன். “அவுக கையப் பாத்தேன்ணே. கட்டைவெரலுக்குக் கீழ வெட்டுத் தழும்பு மூணு இருக்கு. ஊருல இருந்தப்ப அது இல்ல. கோட்டு தோள்ல நிக்கல, அம்புட்டு மெலிஞ்சிருக்காக. ஆள் நல்லா இருந்தா எதுக்குக் கோட்டு போட்டுக் காட்டணும்? நான் போனாத்தேன் சரியா வரும்” என்றாள். பூதக்கண்ணாடியை எடுத்துப் பார்த்தேன். மூன்று தழும்பு இருந்தது. நாலு தடவை பார்த்த படத்தில் வாத்தை எண்ணினேனே தவிர உங்கள் கையைப் பார்க்கவில்லை. அதற்காக வருத்தப்படுகிறேன்.

ஆனாலும் மாப்பிள்ளை, வருத்தம் வேறு, விஷயம் வேறு. நான் தீர்மானமாகச் சொல்லிவிடுகிறேன். கருத்தம்மாளை இப்போது அனுப்புவதாக இல்லை. முதலில் நீங்கள் உள்ளதை உள்ளபடி எழுத வேண்டும். அந்த லயத்தில் உங்களுக்குக் கொடுத்த அறை முழு அறையா, இல்லை நடுவில் சாக்குக் கட்டி இன்னொரு குடும்பமும் இருக்கிறதா, கூரை ஒழுகுமா, ஒழுகினால் எந்த மூலையில், தண்ணீர் குழாயா ஓடையா, ஓடை என்றால் அட்டை உண்டா, காய்ச்சல் வந்தால் மருந்து யார் கொடுக்கிறார்கள், பால் வெட்டப் போகிறபோது குழந்தையை யார் பார்ப்பார்கள், பார்க்கிறவள் நல்லவளா, அவளை நல்லவள் என்று சொல்கிறவன் நல்லவனா, கங்காணி வாயால் திட்டுகிறவரா கையால் அடிக்கிறவரா, நலம் என்ற வார்த்தையை ஏன் வேறு மசியில் எழுதினீர்கள், முதலில் வேறு ஏதாவது எழுதி அடித்தீர்களா, இத்தனைக்கும் பதில் வேண்டும். இனிமேல் படம் அனுப்புவதாக இருந்தால் துணி இல்லாமல், கோட்டு இல்லாமல், அந்த அறை வாசலில் நின்று எடுத்து அனுப்பவும். உங்கள் பதில் வந்து, அதை நான் நாலு பேரிடம் விசாரித்து, மனசுக்குத் திருப்தியானால், தை மாதத்துக்கு மேல் யோசிக்கலாம். இதில் மாற்றம் இல்லை. கருத்தம்மாள் அழுதாலும் சரி, நீங்கள் கோபித்துக்கொண்டாலும் சரி.

மற்றபடி கதிர் பால் கட்டியிருக்கிறது. சின்னக்கருப்பு மாமாவுக்கு வைக்கோல் கொடுத்துச் சமாதானம் ஆகிவிட்டோம். அவர் இன்னும் அது தன் மகன் வீடுதான் என்று கோம்பையில் சொல்லிக்கொண்டு திரிகிறார். நான் துணி என்று சொல்லவில்லை. உங்களுக்கு அம்மை, காய்ச்சல், பாம்பு, கங்காணி எதனாலும் தீங்கு வராமல் வீரபாண்டி ஊர்க் கௌமாரியம்மன் காத்துக்கொள்ள வேண்டும் என்று தினமும் விளக்கேற்றும்போது கும்பிட்டுக்கொள்கிறேன். இதை மட்டும் சந்தேகப்படாமல்தான் செய்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நலத்தை நாடும்,
வீரபாண்டி.

பின்குறிப்பு: மேலே உள்ளதை முந்தாநாள் எழுதினேன். நேற்றுக் காலை தபாலில் போடுவதற்கு முன், பின்னால் என்னைக் குறை சொல்லக் கூடாதே என்று முழுவதையும் கருத்தம்மாளுக்குப் படித்துக் காட்டினேன். அவள் முருங்கைக்கீரை உருவிக்கொண்டே ஒரு வார்த்தை விடாமல் கேட்டாள். முடிந்ததும், “நல்லா எழுதிருக்கீகண்ணே. மடிச்சுக் குடுங்க, நானே கொண்டு போயிர்றேன்” என்றாள். நான் கடிதத்தை மடித்தேன். அவள் துணிமணிகளை ஒரு வாரம் முன்னாலேயே மூட்டை கட்டி வைத்திருந்திருக்கிறாள். உத்தமபாளையத்திலிருந்து மலாயா திரும்புகிற குடும்பம் ஒன்றைத் துணைக்குப் பேசி வைத்ததும் பிச்சையம்மாள் மதினிதான். நாளைக் காலை தேனியில் ரயில் ஏற்றிவிடுகிறேன். கப்பல் வரும் நாளைச் சொல்லும் என் தந்தி இதற்கு முன்பே உங்களுக்குக் கிடைத்திருக்கும்.

ஒன்று சொல்ல வேண்டும். என் வீட்டுக்காரி கண்ணை மூடிய பிறகு, இந்த நாலு வருஷமும் நான் வயலிலிருந்து வரும்போது, வந்துட்டீகளாண்ணே என்று கேட்க அவள் இருந்தாள். மேலே நான் எழுதியிருக்கிற சந்தேகங்களில் பாதி உங்கள் மேல் உள்ளது இல்லை. அவளைப் போகவிடாமல் இருக்க ஏதாவது காரணம் கிடைக்குமா என்று தேடினேன். கிடைக்கவில்லை.

கேள்விகளுக்குப் பதில் எழுத வேண்டாம். அவள் பார்த்து எழுதச் சொல்வாள். புளியோதரையும் சுக்கும் கட்டிக் கொடுத்திருக்கிறேன், ஆனால் குழந்தைக்குக் கொடுத்துவிட்டு அவள் கப்பலில் பட்டினியாகத்தான் வந்திருப்பாள், எனக்குத் தெரியும். இதைப் படித்துக்கொண்டு நிற்காமல் முதலில் அவளுக்குச் சோறு போடுங்கள்.